துப்பாக்கிச் சட்டம் டெல்லியோடது... கையெழுத்து யாரோடது? (ஒரு நீண்ட த்ரெட்)

1/
குன்றக்குடி மலைக்கோயிலுக்குப் போனவங்க அங்கே மருது சகோதரர்கள் சிலைகளைப் பார்த்திருப்பீங்க. அந்தக் கோயிலுக்குத் திருப்பணி செய்தவங்க. "ஆயுதத்தைக் கீழே போடு"ன்னு சொல்ற அதிகாரம் யாருக்கு? நம்ம சீமையில இந்தக் கேள்வியோட வரலாறும் அவங்க காலத்தைத் தொட்டுத்தான் தொடங்குது. வாங்க, பார்ப்போம்.

2/
1801 ஜூன் 16: சின்ன மருதுவின் பிரகடனம் திருச்சிக் கோட்டைச் சுவரில் ஒட்டப்படுது. அக்டோபர் 24: சகோதரர்கள் இருவரும் திருப்பத்தூரில் தூக்கிலிடப்படுறாங்க. டிசம்பர் 1: சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவின் அறிவிப்பு வருது. பாளையக்காரர்கள் ஆயுதங்களை ஒப்படைக்கணும், கோட்டைகள் இடிக்கப்படும். அதுவரை பாளையத்துக்குப் பாளையம் இருந்த ஆயுத உரிமை கம்பெனியின் கைக்குப் போயிடுச்சு.

3/
அடுத்த பெரிய பூட்டு 1878. வைஸ்ராய் லிட்டன் காலத்து ஆயுதச் சட்டம். இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸ் வேணும், ஐரோப்பியருக்கு விலக்கு. குடகு மக்களுக்கும் பிரிட்டிஷார் ஒரு விலக்கு கொடுத்தாங்க. அது இன்னைக்கும் தொடருது. அந்த விலக்கை நீட்டிக்கிறது கர்நாடக அரசு இல்லை, மத்திய அரசு. இதை நினைவுல வெச்சுக்கோங்க.

4/
இந்த அவமானம் நம்ம தலைவர்களுக்கு உறுத்துச்சு. 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தில், விதிமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பதும் குடிமக்களின் உரிமைன்னு சேர்த்தாங்க. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அதை அடிப்படை உரிமையாக்கச் சொன்னார். அம்பேத்கர் ஏற்கலை. திருத்தம் தோற்றது. அதனால இங்கே துப்பாக்கி என்பது உரிமை இல்லை, அனுமதி.

5/
சரி, அனுமதி கொடுக்கிறது யாரு? அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையைப் பாருங்க. ஆயுதம், வெடிமருந்து எல்லாம் மத்தியப் பட்டியலில் 5வது இனம். பொது ஒழுங்கும் காவல்துறையும் மாநிலப் பட்டியலில் 1, 2வது இனங்கள். அதாவது துப்பாக்கி டெல்லிக்கு. அதைப் பிடிக்கிற போலீஸ் மாநிலத்துக்கு!

6/
1959 ஆயுதச் சட்டம் 1962 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. தடை செய்யப்பட்ட ரகத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தருவது மத்திய அரசு. சாதாரண ரகத்துக்கு மாவட்டத்தில் கலெக்டர், பெருநகரில் போலீஸ் கமிஷனர். விசாரிச்சு அறிக்கை தருவது உள்ளூர் ஸ்டேஷன். லைசென்ஸ் இல்லாம வைத்திருந்தார்னு 3வது பிரிவு மீறலுக்காக வழக்குத் தொடரணும்னாலும், 39வது பிரிவின்படி மாவட்ட மாஜிஸ்திரேட் முன் அனுமதி தரணும்.

7/
இதை ஆஸ்பத்திரியிலிருந்து பார்த்தா இன்னும் நல்லா புரியும். ஒருத்தர் நாட்டுத் துப்பாக்கிக் குண்டடியோட வர்றார். டாக்டர் அதை எம்.எல்.சி.யா பதிவு செய்து ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்றார். உடம்பிலிருந்து எடுத்த பால்ரஸை முத்திரை வைத்துப் போலீஸிடம் கொடுக்கிறார். அது மாநிலத் தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போகுது. மீறப்பட்டது டெல்லிச் சட்டம். ஆனா அரசு மருத்துவமனை, ஸ்டேஷன், ஆய்வகம், அரசு வக்கீல்... வழியில இருக்கிற கைகள் எல்லாம் மாநிலத்தின் கைகள்.

8/
அமெரிக்காவில் இதே கேள்விக்கு வேற பதில். துப்பாக்கி வாங்குறவரின் பின்னணியை உள்ளூர் போலீஸ் அதிகாரிகள் விசாரிக்கணும்னு பிரேடி சட்டம் சொன்னது. மொன்டானாவின் ஷெரிஃப் பிரின்ட்ஸ் வழக்குப் போட்டார். 1997-ல் உச்ச நீதிமன்றம், மாநில அதிகாரிகளை மத்திய அரசு வேலை வாங்க முடியாதுன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. 2021-ல் மிசோரி மாநிலம் ஒருபடி மேலே போய், சில மத்தியத் துப்பாக்கிச் சட்டங்கள் தங்கள் மண்ணில் செல்லாதுன்னே சட்டம் போட்டது. அது 2023-ல் ரத்தாச்சு. 2024-ல் மேல்முறையீட்டிலும் தோற்றது. சுருக்கமா: உதவ மாட்டேன்னு சொல்லலாம், செல்லாதுன்னு சொல்ல முடியாது.

9/
நம்ம நாட்டில் உதவ மாட்டேன்னும் சொல்ல முடியாது. நாடாளுமன்றச் சட்டத்துக்கு இணங்கித்தான் மாநில நிர்வாகம் நடக்கணும்னு 256வது பிரிவு சொல்லுது. ஆனா கட்டாயப்படுத்தினா மட்டும் வேலை ஒழுங்கா நடந்துடுமா?

10/
2017-ல் ராஜஸ்தானின் பயங்கரவாத எதிர்ப்புப் படை ஒரு லைசென்ஸ் மோசடியைப் பிடிச்சது. கொடுத்த இடம் ஜம்மு காஷ்மீர். விசாரணை சி.பி.ஐ.க்குப் போனது. 2012 முதல் 2016 வரை அங்கே 2.78 லட்சத்துக்கும் மேல் லைசென்ஸ்கள் கொடுக்கப்பட்டதாகவும், தகுதியில்லாதவர்களுக்கும் போனதாகவும் சி.பி.ஐ. சொன்னது. சட்டம் ஒன்றுதான். ஆனா ஒரு மாவட்டத்தில் விலைக்குப் போன கையெழுத்து, அடுத்த மாநிலத்தில் துப்பாக்கியா வந்து நிக்குது.

11/
"அப்போ எல்லாத்தையும் டெல்லியே பார்க்கட்டும்"னு சிலர் சொல்வாங்க. குன்றக்குடியில் மனு போட்டவர் வரப்புத் தகராறில் பக்கத்து வயல்காரரை மிரட்டியவர்னு டெல்லிக்கு எப்படித் தெரியும்? உள்ளூர் ஸ்டேஷனுக்குத்தான் தெரியும். "எல்லாத்தையும் மாநிலத்துக்கே கொடுங்க"ன்னு சொல்றவங்களுக்கும் ஒரு கேள்வி: துப்பாக்கி செக்போஸ்ட்டோட நின்னுடுமா? சட்டம் மேலே ஒன்றா இருக்கணும், விசாரணை கீழே நடக்கணும். இந்த ஏற்பாட்டில் தப்பில்லை. ஓட்டை விழுறது கீழே கையெழுத்துப் போடுற இடத்தில்.

12/
2019 திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை 3-லிருந்து 2 ஆக்கியது. லைசென்ஸ் காலத்தை 3 வருஷத்திலிருந்து 5 வருஷமாக்கியது. அதாவது முதல் கையெழுத்துக்கு இப்போ ஆயுள் கூடுதல்.

13/
கடைசியா, சக மருத்துவர்களுக்கு. 2016 ஆயுத விதிகளின்படி மனுவோடு மருத்துவச் சான்றும் வேணும். மனநலமும் அதில் அடக்கம். "தெரிஞ்சவர்தான், போட்டுக் கொடுங்க டாக்டர்"னு யாராவது சிபாரிசோட வருவாங்க. ஆளை உட்கார வெச்சுப் பேசுங்க. தூக்கம், குடி, வீட்டுச் சண்டை, தற்கொலை எண்ணம் எல்லாம் கேளுங்க. திருப்தி இல்லைன்னா மனநல மருத்துவரிடம் அனுப்புங்க. அவசரமா கேட்டா, "முடியாது"ன்னு சொல்லுங்க. கலெக்டர் கையெழுத்துக்கு முன்னாடி அந்தக் காகிதத்தில் நம்ம கையெழுத்து இருக்கு.