சிட்னி வெண்கலம் போன வழி

ஆஸ்திரேலியர்கள் டாலர், சென்ட் கணக்குக்கு மாறியது 1966-இல். அப்போது வந்த இரண்டு சென்ட் காசில், கழுத்துச் சவ்வை விரித்துக்கொண்டு ஓர் ஓணான் நிற்கும். ஒரு சென்ட் காசில், மரத்துக்கு மரம் சறுக்கிப் போகும் எலி அளவுப் பிராணி ஒன்று. இரண்டிலும் 97 சதவீதம் செம்பு. மீதி துத்தநாகமும் வெள்ளீயமும். விலைவாசி ஏற ஏற இந்தச் சில்லறைக்கு மதிப்பில்லாமல் போய், 1992 முதல் அரசு அவற்றைத் திரும்பப் பெற ஆரம்பித்தது. பிறகு சிட்னி ஒலிம்பிக்ஸ் வந்தபோது, வெண்கலப் பதக்கம் செய்ய அந்தக் காசுகளையே உருக்கினார்கள்.

செய்து முடித்த பதக்கத்துக்குக் குறுக்களவு 68 மில்லிமீட்டர், தடிமன் 5 மில்லிமீட்டர். ஒரு பக்கம் சிட்னி ஓபரா மாளிகை, தீபம், ஐந்து வளையங்கள். மறுபக்கம் வெற்றித் தேவதை; அவளுக்குப் பின்னால் ரோமாபுரியின் கொலோசியத்தைப் போல ஓர் அரங்கம். ஒலிம்பிக்ஸ் கிரேக்கர்களுடையது, ரோமானியர்களின் கட்டடத்துக்கு இதில் என்ன வேலை என்று கிரேக்கத்தில் முணுமுணுப்பு எழுந்தது. யாருக்குச் சொந்தம் என்ற தகராறு, கழுத்தில் ஏறும் முன்பே இந்தப் பதக்கத்தைப் பிடித்துக்கொண்டது என்று சொல்லலாம்.

2000 செப்டம்பர் 19. பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் அணிப் போட்டியின் இறுதிச் சுற்று. ருமேனியா 154.608 புள்ளி, தங்கம். ரஷ்யா 154.403, வெள்ளி. சீனா 154.008, வெண்கலம். அமெரிக்கா 152.933 எடுத்து நான்காவது. டோங் ஃபாங்சியாவ், யாங் யுன், லியு ஷுவான், லிங் ஜியே, குய் யுவான்யுவான், ஹுவாங் மாண்டான் ஆகிய ஆறு பேரின் கழுத்தில் வெண்கலம் ஏறியது.

இரண்டு நாள் கழித்து, அதே அரங்கில் தனிநபர் இறுதிப் போட்டி. வால்ட் ‘குதிரை’ மீது வீராங்கனைகள் வரிசையாகத் தடுக்கி விழுகிறார்கள். உலகின் மிகச் சிறந்தவர்கள் ஒரே நாளில் ஏன் இப்படி விழ வேண்டும்? ஆஸ்திரேலிய வீராங்கனை அலானா ஸ்லேட்டருக்குச் சந்தேகம் வந்தது. அளந்து பார்த்தால் குதிரை 5 சென்டிமீட்டர் தாழ்வாக இருந்தது. அந்தப் போட்டியில் வென்ற ருமேனியாவின் ஆண்ட்ரியா ராடுகன், அணி மருத்துவர் கொடுத்த சளி மாத்திரையில் தடை செய்யப்பட்ட மருந்து இருந்ததால் தங்கத்தை இழந்தார். குதிரையின் உயரத்தை அளந்தார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். வயதை மட்டும் யாரும் சோதிக்கவில்லை. பாஸ்போர்ட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் வயது. பாஸ்போர்ட்டைக் கொடுப்பது அரசு. பதக்கம் வேண்டும் என்று ஆசைப்படுவதும் அதே அரசுதான்.

வயதில் பொய் சொல்லி என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு பெண் அதே உடல்வாகோடு பத்து சதவீதம் உயர்ந்தால், அவள் உடலைக் காற்றில் சுழற்றுவது ஏறக்குறைய அறுபது சதவீதம் கடினமாகிறது. தசையின் பலமோ இருபது சதவீதம்தான் கூடும். பன்னிரண்டு வயதில் கைவந்த இரட்டைச் சுழற்சி, பூப்பெய்தி வளர்ந்த பிறகு திடீரென்று கைவிட்டுப் போவது இதனால்தான். எல்லாவற்றையும் புதிதாகப் பழக வேண்டும். போதாததற்கு, அந்த வயதுக்குப் பிறகு பயமும் வந்துவிடும். பயிற்சியாளர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

1976-இல் மான்ட்ரியலில் நாடியா கொமனெச்சி முழுப் பத்துப் புள்ளி எடுத்தபோது அவருக்கு 14 வயது. அன்றைய விதிப்படி அதில் தவறில்லை. அதன் பிறகு சின்னப் பெண்களின் எலும்பும் மனமும் படும் பாட்டைப் பார்த்து, 1981 முதல் குறைந்தபட்ச வயது 15 ஆனது. 1997 முதல் 16. போட்டி நடக்கும் ஆண்டு முடிவதற்குள் அந்த வயது நிறைய வேண்டும். விதி ஏற ஏற, காகிதத்தில் பெண்களின் வயதும் ஏறியது. ருமேனியாவின் டேனியலா சிலிவாஷ் 1985-இல் உலக சாம்பியன்ஷிப்பில் பேலன்ஸ் பீம் தங்கம் வென்றபோது உண்மையில் 13 வயதுதான். தன் பிறந்த ஆண்டை 1972-இலிருந்து 1970 ஆக்கினார்கள் என்று 2002-இல் அவரே சொன்னார். 1996 ஒலிம்பிக்ஸில் வெண்கலம் வென்ற அலெக்சாண்ட்ரா மரினெஸ்குவும் தன் கதையை அதேபோல் வெளியே சொன்னார். வயதுப் பொய்க்காக ருமேனியாவிடமிருந்து ஒரு பதக்கமும் திரும்ப வாங்கப்படவில்லை. வடகொரியாவின் கிம் குவாங் சுக் கதை நம்பவே முடியாதது. 1989-இலும் அவருக்கு 15 வயது, 1991-இலும் 15 வயது. முன்பல் விழுந்த வாயோடு வந்து உலக சாம்பியனும் ஆனார். அதற்கு விலையாக அவருடைய நாட்டை 1993 உலக சாம்பியன்ஷிப்பிலிருந்து விலக்கி வைத்தார்கள்; தங்கத்தைத் தொடவில்லை.

ஆக, சிட்னி வெண்கலம் பெய்ஜிங் போய்ச் சேர்ந்தபோது, அது என்றைக்காவது திரும்பி வரும் என்று நினைக்க ஒரு முன்னுதாரணமும் இல்லை.

டோங் ஃபாங்சியாவின் பதிவான பிறந்த தேதி 1983 ஜனவரி 20. அந்தக் கணக்கில் சிட்னியில் அவருக்கு 17 வயது, கேள்விக்கே இடமில்லை. ஆனால் 1983 என்ற ஆண்டைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். 1999-இல் உலக சாம்பியன்ஷிப் சீனாவின் தியான்ஜின் நகரத்தில் நடந்தது; சொந்த மண்ணில், மக்கள் குடியரசின் ஐம்பதாவது ஆண்டில். அதில் ஆட 16 வயது வேண்டும். 1999-இல் 16 என்றால் 1983-இல் பிறந்திருக்க வேண்டும். அந்த ஆண்டுக்கென்றே தைத்த சட்டை மாதிரி அந்தத் தேதி அவருக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது என்பது என் ஊகம். கூட்டிக் கழித்துப் பார்க்கிற யாருக்கும் தோன்றக்கூடியதுதான். அங்கும் சீன அணி வெண்கலம் வென்றது.

சிட்னிக்குப் பிறகு டோங் அதிக நாள் ஆடவில்லை. கால் எலும்பில் நோய் வந்து விலகினார். பின்னாளில் நியூசிலாந்துக்குப் போனார். பதக்கத்தின் கதை அங்கேயே அடங்கியிருக்கும்.

அதைக் கிளறிவிட்டது 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ். அணிப் போட்டியில் சீனா தங்கம், அமெரிக்கா வெள்ளி. இரட்டைக் கம்பி இறுதியில் சீனாவின் ஹே கெக்சினும் அமெரிக்காவின் நாஸ்டியா லியூகினும் ஒரே மாதிரி 16.725 எடுக்க, சமன் உடைக்கும் விதிப்படி தங்கம் ஹேவுக்குப் போனது. அவருடைய பாஸ்போர்ட்டில் பிறந்த தேதி 1992 ஜனவரி 1. சீன ஊடகங்களின் பழைய செய்திகளிலோ அவர் 1994-இல் பிறந்தவர். அமெரிக்கத் தரப்பு கொதித்தது. தொலைக்காட்சியில் அதிகமாகக் குரல் கொடுத்தவர் பேலா கரோலி. பதினான்கு வயது நாடியாவை உலகத்துக்குக் காட்டிய அதே கரோலிதான்; 1981-இல் ருமேனியாவை விட்டு ஓடிவந்து அமெரிக்கப் பயிற்சியாளர் ஆனவர். இந்த விவகாரத்தில் மடியில் கனமில்லாத ஆள் என்று ஒருவரைத் தேடினால் கிடைப்பது கஷ்டம்.

சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி, சர்வதேச ஜிம்னாஸ்டிக்ஸ் கூட்டமைப்பை விசாரிக்கச் சொன்னது. பாஸ்போர்ட், அடையாள அட்டை, குடும்பப் பதிவேடு என்று சீனா அடுக்கிக் கொடுத்தது. 2008 அக்டோபரில் பெய்ஜிங் அணியின் மேல் தவறில்லை என்று கூட்டமைப்பு சொல்லிவிட்டது. காகிதம் சரியாக இருந்தால் அதற்கு மேல் என்ன செய்ய முடியும்? ஆனால் சிட்னி அணியின் டோங், யாங் யுன் இருவர் விஷயத்தில் திருப்தி இல்லை என்றும், அதைத் தொடர்ந்து விசாரிப்போம் என்றும் சொன்னது.

டோங் விஷயத்தில் சந்தேகம் வந்த வழி விசித்திரமானது. பெய்ஜிங் ஒலிம்பிக்ஸில் அவர் வேலை பார்த்தார். வால்ட் நடுவர்களுக்கு உதவும் செயலாளர் வேலை. அதற்காகக் கழுத்தில் மாட்டும் அனுமதி அட்டை ஒன்று தருவார்கள்: படம், பெயர், பிறந்த தேதி. அதற்கான விவரத்தில் அவருடைய பிறந்த தேதி 1986 ஜனவரி 23 என்று இருந்தது. பழைய பதிவில் 1983 ஜனவரி 20. இரண்டும் ஒரே ஆளுக்கு, ஒரே விளையாட்டின் ஆவணங்களில். புதிய தேதி உண்மையானால் சிட்னியில் அவருக்கு 14 வயது, தியான்ஜினில் 13.

இன்னொரு சாட்சியமும் இருந்தது. இணையத்தில் தன்னைப் பற்றி எழுதும்போது, தான் எருது ஆண்டில் பிறந்தவள் என்று டோங் குறிப்பிட்டிருந்தார். சீனப் பன்னிரண்டு ஆண்டுச் சுழற்சியில் எருது ஆண்டு 1985 பிப்ரவரியில் தொடங்கி 1986 பிப்ரவரியில் முடிந்தது. 1986 ஜனவரி அதற்குள் அடங்கும். 1983 ஜனவரியில் பிறந்தவர் நாய் ஆண்டுக்காரராக இருக்க வேண்டும். காகிதத்தில் தேதியை மாற்றலாம். சின்ன வயதிலிருந்து வீட்டில் சொல்லிச் சொல்லி வளர்த்த ஆண்டு வாயிலிருந்து தானாக வந்துவிடுகிறது.

யாங் யுன் கதை வேறு மாதிரி முடிந்தது. சிட்னியில் தனக்கு 14 வயது என்று 2007-இல் சீன அரசுத் தொலைக்காட்சிப் பேட்டியில் அவரே சொல்லியிருந்தார். பிறகு வாய்தவறிச் சொன்னேன் என்றார். ஆவணத்தில் முரண் எதுவும் சிக்கவில்லை. ஆதாரம் போதாது என்று எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். இரட்டைக் கம்பியில் அவர் வென்ற தனிநபர் வெண்கலம் இன்றும் அவரிடம்தான். வாயால் ஒப்புக்கொண்டவர் தப்பினார், அட்டையில் மாட்டியவர் சிக்கினார். வயது விதி எதை நம்புகிறது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

2010 பிப்ரவரி 26 அன்று டோங்கின் முடிவுகளைக் கூட்டமைப்பு ரத்து செய்தது. தியான்ஜின் வெண்கலம் உக்ரைனுக்குப் போனது. சிட்னிப் பதக்கம் ஒலிம்பிக் கமிட்டியின் அதிகாரத்தில் இருந்ததால், அதைப் பறிக்கும்படி பரிந்துரை போயிற்று. ஏப்ரல் 28-ஆம் தேதி துபாயில் கூடிய கமிட்டியின் நிர்வாகக் குழு அதை ஏற்றது. பதக்கங்களைத் திருப்பித் தரும்படி சீனாவிடம் சொன்னது. ஜிம்னாஸ்டிக்ஸ் ஆடிய இடத்திலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, பாலைவன நகரம் ஒன்றின் கூட்ட அறையில் வெண்கலம் கைமாறியது.

அது போய்ச் சேர்ந்த இடம் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள ஹார்ட்ஃபோர்டு. 2010 ஆகஸ்ட் 11 அன்று, தேசிய சாம்பியன்ஷிப் நடந்துகொண்டிருந்தபோது, சிட்னியில் நான்காவதாக வந்த அணிக்குப் பதக்கம் வழங்கப்பட்டது. டொமினிக் டாஸ், ஏமி சாவ், ஜேமி டான்ட்ஷர், கிறிஸ்டன் மலோனி, எலிஸ் ரே, டாஷா ஷ்விக்கர்ட். 1992-இல் வெண்கலமும் 1996-இல் தங்கமும் வென்றிருந்த டாஸுக்கு இதோடு மூன்று ஒலிம்பிக்ஸிலும் அணிப் பதக்கம் சேர்ந்தது. 2000-இல் இதே அணி வெறுங்கையோடு ஊர் திரும்பியபோது, அப்போது தேசிய அணியின் பொறுப்பில் இருந்த கரோலியை வீராங்கனைகளே வெளிப்படையாகக் குறை சொன்னார்கள். தோற்ற அணி என்ற பெயர் பத்து ஆண்டுக்குப் பின் ஒரே மாலையில் அழிந்தது.

இந்த அறுவரில் ஷ்விக்கர்ட்டின் பிறந்த நாள் என்னை நிறுத்துகிறது. 1984 நவம்பர் 21. காயம்பட்ட மோர்கன் வைட்டுக்குப் பதிலாகக் கடைசி நேரத்தில் அணிக்குள் வந்தவர். சிட்னியில் ஆடியபோது அவருக்கு 15 வயது பத்து மாதம். ஆண்டு முடிவதற்குள் 16 நிறையும் என்பதால் எல்லாம் விதிப்படி. அட்டை சொன்னது உண்மையானால் டோங்குக்கு அன்று 14 வயது எட்டு மாதம். விதி கோடு கிழித்தாக வேண்டும், புரிகிறது. அந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் நின்றவர்கள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள்.

அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்றத்தான் விதி என்றார்கள். பதக்கம் கைமாறிய நாட்களில் அமெரிக்க அணியின் மருத்துவராக இருந்தவர் லாரி நாசர். வீராங்கனைகளைச் சிகிச்சை என்ற பெயரில் ஆண்டுக்கணக்கில் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கியவர். 2016-இல் பெயர் சொல்லாமல் அவர் மீது வழக்குத் தொடுத்து, 2017-இல் தொலைக்காட்சியில் முகம் காட்டிப் பேசியவர் ஜேமி டான்ட்ஷர். 2018-இல் ஷ்விக்கர்ட்டும் பேசினார். எதிரி நாட்டுப் பெண்ணின் முன்பல்லையும் உயரத்தையும் வைத்து வயதை எடைபோட்டுக்கொண்டிருந்த காலம் முழுக்க, சொந்தப் பெண்களின் அறைக்கதவை யாரும் தட்டிப் பார்க்கவில்லை. வயது விதி நாடுகள் ஒன்றையொன்று அடிக்கக் கிடைத்த கம்பாகத்தான் அதிகம் பயன்பட்டது என்று நான் நினைக்க இதுவும் ஒரு காரணம்.

பெய்ஜிங் பக்கம் மிஞ்சியது என்ன? கூட்டமைப்பு 2009 முதல் ஒவ்வொரு வீராங்கனைக்கும் உரிம அட்டை கொடுத்து, சர்வதேசப் போட்டிக்கு முதலில் வரும்போதே பிறந்த தேதியைப் பதிந்துகொள்கிறது. நடுவில் மாற்றினால் தெரிந்துவிடும். அது இனி வருபவர்களுக்கு. பதினான்கு வயதுப் பெண் தன் பாஸ்போர்ட்டைத் தானே எழுதிக்கொள்வதில்லை. ஆனால் ரத்தான மதிப்பெண்கள் அவளுடையவை. லியு ஷுவானுக்கு பீம் தங்கமும், ராடுகன் தங்கத்தை இழந்ததால் மேலே ஏறிவந்த தனிநபர் வெண்கலமும் மிச்சம். லிங் ஜியேவுக்குக் கம்பியில் வெள்ளி. ஹுவாங் மாண்டானுக்கு ஒலிம்பிக் பதக்கம் என்று இருந்தது இந்த வெண்கலம் ஒன்றுதான். குய் யுவான்யுவானுக்கும் அப்படியே. குய் பிறந்தது 1981-இல். சிட்னியில் அவருக்கு 19 வயது, அதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. 1996 அட்லாண்டாவிலும் சீன அணியில் ஆடினார். அங்கே அந்த அணி நான்காவதாக வந்தது.