திறன் சின்னங்கள், படைத்துறை: வட சென்னை

குறிபார்த்துச் சுடுதல், கொடியசைத்துச் செய்தி அனுப்புதல், குதிரைக்கு லாடம் அடித்தல் முதலிய பயிற்சிகளில் தேர்ந்த படைவீரர் சட்டைக்கையில் அணிந்த சிறு சின்னங்கள். குறுக்காக வைத்த இரு துப்பாக்கிகள் சுடுவதில் தேர்ந்தவரையும், இரு கொடிகள் செய்தியாளரையும், லாடம் கொல்லரையும் குறித்தன. பதவியையோ படைப்பிரிவையோ இவை சொல்வதில்லை. பிரிட்டிஷ் படை இருந்த ஊர்களிலெல்லாம் வடிவம் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே பழைய சின்னத்தின் முகம் எல்லா ஊருக்கும் பொது. ஊரைச் சொல்வது, சொல்லுமானால், அதன் முதுகுதான்.

1895இல் மாகாணப் படைகள் ஒன்றாக்கப்படும்வரை சென்னைக்குத் தனிப் படை இருந்தது. 1780இல் புனித ஜார்ஜ் கோட்டையில் திரட்டப்பட்ட பயனியர்கள் பின்னாளில் ‘மெட்ராஸ் சாப்பர்ஸ்’ ஆகி, 1834இல் பெங்களூர் சென்றனர்.

வட சென்னையைப் பொறுத்தவரை ரயில்வேயின் தன்னார்வப் படைக் காலமே முதன்மையானது. 1856 சூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ரயில் ஓடத் தொடங்கியது. 1908இல் உருவான மெட்ராஸ் அண்டு சதர்ன் மராத்தா ரயில்வேயின் தலைமையகமும் 1922 வரை ராயபுரத்திலேயே இருந்தது. பிறகுதான் சென்ட்ரல் அருகே புதுக் கட்டடத்துக்குப் போயிற்று. அந்த ரயில்வேயின் பெயரிலேயே ‘ரைபிள்ஸ்’ படையொன்று இருந்தது. தன்னார்வப் படைகள் 1917இல் இந்தியப் பாதுகாப்புப் படையாகவும், 1920இல் துணைப்படையாகவும் மாற்றப்பட்டன. துணைப்படையில் ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும் மட்டுமே சேர முடிந்தது. பெயரளவில் தன்னார்வம் என்றாலும், ரயில்வே ஊழியருக்குப் பெரும்பாலும் அது வேலையோடு ஒட்டிய கடமையாகவே இருந்ததாகக் கூறப்படுகிறது. என்ஜின் ஓட்டுநரும் கார்டும் பணிமனைத் தொழிலாளியும் ஓய்வு நேரத்தில் அணிவகுத்துச் சுடப் பழகினர். கரி படிந்த கைக்குக் கிடைத்த குறுக்குத் துப்பாக்கிச் சின்னம் வீட்டுப் பெட்டியில் பத்திரமாக இருந்ததில் வியப்பில்லை.

1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தை அடுத்த எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. கரைப் பீரங்கிகள் பதிலுக்குச் சுட்டும் குறி படவில்லை. பீரங்கியைக் குறிவைப்பவருக்கு இலைவளையத்துள் ‘எல்’ எழுத்துள்ள சின்னம் உண்டு. இங்கு கிடைக்கும் அத்தகைய ஒவ்வொன்றையும் அந்த இரவோடு சேர்த்துச் சொல்லும் ஆசை இயல்பானது. சின்னம் மட்டும் அதற்குச் சான்றாகாது. ஊர்ப்பேச்சிலோ ‘எம்டன்’ என்பது பொல்லாத கெட்டிக்காரனைக் குறிக்கும் சொல்லாக நிலைத்துவிட்டது.

பிறப்பிடம் காண்பதில் உலோகமே முதற்சான்று. பர்மிங்காமின் ஜே. ஆர். கான்ட் போன்ற நிறுவனங்கள் அச்சில் அடித்த சின்னத்தில் கோடுகள் கூர்மையாகவும், பின்புறம் முன்புறத்துக்கு ஏற்பக் குழிந்தும் இருக்கும். இந்தியக் கடைவீதி வார்ப்பு கனமானது. பின்புறம் மணலின் சொரசொரப்பும், விளிம்பில் அரத்தின் கீறலும், கையால் பற்றவைத்த கம்பி வளையமும் தெரியும். வெயில் நாட்டில் காக்கிச் சட்டை அடிக்கடி வெளுப்புக்குப் போனதால் கழற்றி மாட்டும் பித்தளையே வசதி. ஆனால் வார்ப்பு என்பதாலேயே சென்னை வேலை என்று முடிவு கட்ட முடியாது. பெங்களூரிலும் கல்கத்தாவிலும் அதே முறை உண்டு. தோள்பட்டையின் பெயர்த்தகட்டோடு சேர்ந்து கிடைத்தால்தான் படைப்பிரிவைப் பற்றி ஓரளவு துணிந்து பேசலாம். சட்டையே கிடைத்தால் இன்னும் நல்லது: வளையங்கள் நுழைந்த இரு துளைகளும், சின்னம் மறைத்திருந்த இடத்தில் மங்காத காக்கியும் எந்த எழுத்தையும்விட நம்பகமானவை.

அரச முடியுள்ள சின்னங்களுக்குக் காலம் கணிப்பது எளிது. 1901க்குப் பிந்தைய அரசர் காலத்து முடி மேலே உருண்டு குவிந்திருக்கும். நடுவில் பள்ளம் விழுந்த முடி பிரிட்டனில் 1953 முதல் வழங்கியது. இந்தியப் படையில் அதற்கு இடமே இருந்ததில்லை. விக்டோரியா காலத்து முடியிலும் சிறு பள்ளம் உண்டாதலால் இரண்டையும் குழப்பிக்கொள்வதுண்டு.

வட சென்னையில் வேறொரு குழப்பமும் உண்டு. ரயில் நிலையச் சுமைதூக்குவோரின் எண் பொறித்த பித்தளை வில்லை, சேவகரின் டவாலி வில்லை ஆகியவை படைச் சின்னங்களாக விற்கப்படுகின்றன. எண் இருந்தால் அது தொழில் உரிமத்தின் அடையாளமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சாரணரின் செய்தியாளர் சின்னத்திலும் இரு கொடிகள் உண்டு. பழைய அச்சில் புதிதாக அடித்தவையும் சந்தையில் உலவுகின்றன.

  

துணைப்படை 1947இல் கலைக்கப்பட்டது. 1950 சனவரி 26க்குப் பின் முடியின் இடத்தில் அசோகச் சிங்கத்தலை வந்தது. குறுக்குத் துப்பாக்கிகள் அப்படியே தொடர்ந்தன.