சின்-யுவான் என்னும் மனக்குரங்கு

சீன மொழியின் ‘சின்-யுவான்’ இரு சொற்கள் இணைந்த தொகை. ‘சின்’ என்பது துடிக்கும் இதயத்தையும் எண்ணும் மனத்தையும் ஒருசேரக் குறிப்பதால், தமிழின் ‘நெஞ்சு’ அதற்கு மிக அணுக்கமானது. ‘யுவான்’ என்பது குரங்கு. தமிழர் நாவில் பழகிய ‘மனக்குரங்கு’ இத்தொகைக்கு நேரானது.

இவ்வுவமையின் வேர் இந்தியாவில் உள்ளது. காட்டில் ஒரு கிளையைப் பற்றி, அதை விட்டு மறுகிளைக்குத் தாவும் குரங்கைப் போன்றது மனம் என்று பாலி மொழியின் சம்யுத்த நிகாயம் கூறுகிறது. கி.பி. 406இல் குமாரஜீவர் சீனத்தில் பெயர்த்த விமலகீர்த்தி சூத்திரமும் அடக்கற்கரிய மாந்தரின் மனத்தைக் குரங்குக்கு ஒப்பிடுகிறது. பின்னர், 12ஆம் நூற்றாண்டில் வாங் சோங்யாங் நிறுவிய சுவான்ஜென் என்னும் தாவோ நெறியினரும் தம் அகப்பயிற்சியைப் பேச இச்சொல்லைக் கையாண்டனர்.

1592இல் நான்ஜிங்கில் நூறு அத்தியாயங்களோடு அச்சேறிய ‘மேற்கு நோக்கிய பயணம்’ என்ற நாவலில் இவ்வுவமை உயிர்பெற்று நடமாடுகிறது. சூத்திரங்களைத் தேடி இந்தியா செல்லும் துறவிக்குத் துணையாக வரும் குரங்கின் பெயரான சுன் வூகோங்கில், ‘வூகோங்’ என்பது சூன்யத்தை உணர்ந்தவன் எனப் பொருள்படும். பதினான்காம் அத்தியாயத்தில் அவன் ஆறு கள்வர்களைக் கொல்கிறான். கண்டு மகிழும் கண், கேட்டுச் சினக்கும் காது என்று தொடங்கும் அவர்களின் பெயர்கள், அவர்கள் ஆறு புலன்களே என்பதைக் காட்டுகின்றன. அதே அத்தியாயத்தில் அவன் தலையில் ஒரு வளையம் பூட்டப்படுவதால், புலன்களை வென்ற மனத்துக்கும் கட்டு வேண்டும் என்ற கருத்து கதை நிகழ்வாகவே மாறிவிடுகிறது. அவ்வத்தியாயத் தலைப்பே மனக்குரங்கு நன்னெறிக்குத் திரும்புவதைக் கூறுகிறது.

இந்நாவலுக்கு ஆர்தர் வேலி 1942இல் வெளியிட்ட ஆங்கிலச் சுருக்கம் முப்பது அத்தியாயங்களை மட்டுமே கொண்டு, செய்யுள்களில் பெரும்பகுதியை விட்டுவிட்டது. ‘சின்-யுவான்’ என்ற சொல்லைத் தலைப்பில் தாங்கிய அத்தியாயங்கள் பலவும் அவ்வாறு விடுபட்டன. அதற்கு முன்னுரை எழுதிய ஹூ ஷி, சமய உரையாசிரியர்களின் உருவக விளக்கங்களிலிருந்து விடுபட்ட நகைச்சுவை நூலாகவே நாவலைக் கண்டார். மிகை விளக்கங்களால் சலித்த ஓர் அறிஞரின் எதிர்வினை என்ற அளவில் அது புரிந்துகொள்ளத்தக்கதே. ஆயினும் நாவலின் நரம்பு அதில் அறுபட்டது.

அதை மீண்டும் இணைத்தவர், ஹாங்காங்கில் 1938இல் பிறந்து, சிகாகோ பல்கலைக்கழகத்தில் சமயத்தையும் இலக்கியத்தையும் ஒருங்கே கற்பித்த அந்தோணி யூ. 1977 முதல் 1983 வரை நான்கு தொகுதிகளாக வெளிவந்த அவருடைய முழு மொழிபெயர்ப்பு செய்யுள்கள் அனைத்தையும் காத்ததோடு, பௌத்த, தாவோ கலைச்சொற்களுக்கு விரிவான குறிப்புகளையும் தந்தது. சமயத்தை இலக்கியத்தின் மேல் பூசிய வண்ணமாகக் கருதாமல் அதன் கட்டுமானமாகவே அவர் கண்டது, எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

இந்நாவலைத் தமிழில் பெயர்க்க முனைவோர் யூ 2012இல் வெளியிட்ட திருத்தப் பதிப்பை உடன்வைத்துக்கொள்வது நன்று; செய்யுள்களைச் சுமையென்று கருதி விட்டுவிட வேண்டா.