மகுடம் மாறிய கதை – 8: ஒன்பது வண்டிகளும் ஓர் அறிவிப்பும்

1970 ஏப்ரல் 26, ஞாயிற்றுக்கிழமை. மாண்ட்ரியல் நகரின் மையத்தில் ராயல் டிரஸ்ட் நிறுவனத்தின் வாசலுக்கு பிரிங்ஸ் கம்பெனியின் கவச வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. எண்ணினால் ஒன்பது. கட்டுக்கட்டாகப் பங்குப் பத்திரங்கள் அவற்றில் ஏறின. பிறகு வண்டிகள் வரிசையாகக் கிளம்பி ஒண்டாரியோ மாகாணத்தை நோக்கி ஓடின.

இவ்வளவு மதிப்புள்ள சரக்கை யாருக்கும் தெரியாமல் கொண்டுபோவதுதான் வழக்கம். அன்றைக்கோ பத்திரிகைக்காரர்களுக்கு முன்பே தகவல் போயிருந்தது. காமிராக்கள் தயாராக இருந்தன. மறுநாள் மாகாணம் முழுக்க அதே பேச்சு: பிரிவினைக் கட்சி ஜெயித்தால் பணம் கியூபெக்கை விட்டுப் போய்விடும், இதோ போக ஆரம்பித்துவிட்டது!

தேர்தலுக்கு இன்னும் மூன்றே நாள். கியூபெக்கைத் தனி நாடாக்க வேண்டும் என்று ரெனே லெவெக் தொடங்கிய பார்ட்டி கெபெக்வா கட்சிக்கு அதுதான் முதல் களம். வாக்குகளில் 23 சதவீதம் வாங்கியும் 108 இடங்களில் ஏழுதான் அதற்குக் கிடைத்தது. வண்டி ஊர்வலம் தற்செயல் என்று நம்ப அந்தக் கட்சிக்காரர்கள் தயாராக இல்லை. இன்றைக்கும் கியூபெக் அரசியலில் கடைசி நேரத்தில் யாராவது மக்களைப் பயமுறுத்தினால், ‘பிரிங்ஸ் வேலை’ என்றுதான் சொல்கிறார்கள்.

சென்ற வாரம் மாண்ட்ரியலின் எக்ஸ்போ 67 பொருட்காட்சியில் நின்றோம். இரண்டு கோடிப் பேர் வாழ்ந்த நாட்டில் ஐந்து கோடி முறை நுழைவாயில் திறந்தது. வட அமெரிக்காவில் நியூயார்க்குக்கு அடுத்து எந்த ஊரில் வாழ ஆசை என்று கேட்டால் பலர் மாண்ட்ரியலைச் சொன்ன காலம் அது. அப்படிப்பட்ட ஊர் பத்தே ஆண்டுகளில் கனடாவின் முதல் நகரம் என்ற இடத்தை டொராண்டோவிடம் இழந்தது. ‘மொழிச் சட்டம் வந்தது, பணம் ஓடியது’ என்று ஒரே வரியில் இதற்கு விடை சொல்லிவிடுகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. ஒன்பது வண்டிகளை எல்லோரும் பார்த்தார்கள். அதற்கு நாற்பது ஆண்டுகள் முன்பிருந்தே சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்த பணத்தைப் பார்த்தவர்கள் குறைவு.

மாண்ட்ரியல் எந்த உயரத்தில் இருந்தது என்பதற்கு ஒரே ஒரு சம்பவம் போதும். 1940 ஜூலை. பிரான்ஸ் விழுந்துவிட்டது, ஹிட்லரின் படை எப்போது கடலைத் தாண்டுமோ என்று லண்டன் நடுங்கிக்கொண்டிருக்கிறது. பிரிட்டிஷ் அரசு தன் கைவசம் இருந்த தங்கத்தையும் அயல்நாட்டுப் பங்குப் பத்திரங்களையும் போர்க்கப்பல்களில் ஏற்றி ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்துக்கு அனுப்பியது. தங்கம் தலைநகர் ஒட்டாவாவுக்குப் போனது. பத்திரங்கள் எங்கே போயின? மாண்ட்ரியலின் சன் லைஃப் காப்பீட்டு நிறுவனத்துக்கு. வெள்ளைக் கருங்கல்லில் எழும்பி நின்ற அந்தத் தலைமை அலுவலகம் பிரிட்டிஷ் பேரரசிலேயே மிகப் பெரிய கட்டடங்களில் ஒன்று. அதன் அடியில், மூன்றாவது நிலவறையில், அவசர அவசரமாக ஒரு பெட்டக அறை கட்டினார்கள். போர்க்காலத்தில் எஃகுக்குத் தட்டுப்பாடு. அதனால் கைவிடப்பட்ட ரயில் பாதை ஒன்றின் தண்டவாளங்களைப் பெயர்த்து வந்து சுவருக்குள் வைத்துக் கட்டினார்கள். ஓய்வுபெற்ற வங்கிக்காரர்களும் பங்குத் தரகர்களும் உள்ளே உட்கார்ந்து காகிதங்களைத் தரம் பிரித்தார்கள். மேல்மாடிகளில் தினமும் வேலைக்கு வந்துபோன ஆயிரக்கணக்கான ஊழியர்களுக்குத் தங்கள் காலடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. போர் முடியும்வரை ரகசியம் வெளியே கசியவில்லை.

ஒரு பேரரசு தன் சொத்தை நம்பிக் கொடுக்கிற ஊர் அது. 1817இல் பிறந்த கனடாவின் முதல் வங்கி, பாங்க் ஆஃப் மாண்ட்ரியல், அங்கேதான். கனடியன் பசிபிக் ரயில்வேயின் தலைமையகமும் அங்கேதான். செயின்ட் ஜேம்ஸ் தெருவில் ஒரு வங்கி மேலாளர் தலையசைத்தால் பசிபிக் கரை வரை வேலை நடக்கும்.

அப்போது டொராண்டோ எப்படி இருந்தது? ஞாயிற்றுக்கிழமை ஊர் அடங்கிவிடும். ஈட்டன்ஸ் கடையின் கண்ணாடி ஜன்னல்களுக்குத் திரை போட்டுவிடுவார்கள். கர்த்தரின் நாளில் பொருளைப் பார்த்து ஆசைப்படுவதும் தவறாம். பூங்காவில் குழந்தைகளின் ஊஞ்சலுக்குக்கூடப் பூட்டு. பன்றி இறைச்சித் தொழிலால் ‘பன்றியூர்’ என்ற பட்டப்பெயர் வேறு. மாண்ட்ரியலிலோ இரவு விடுதிகளும் ஜாஸ் இசையும் விடியும்வரை. வாழ்வதற்கு எந்த ஊர் என்று கேட்டால் சந்தேகத்துக்கே இடமில்லை.

ஆனால் பணம் ஊஞ்சலைப் பார்த்துப் போவதில்லை.

1903இல் ஒண்டாரியோ அரசு வடக்கே காட்டுக்குள் ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்தபோது கோபால்ட் என்ற இடத்தில் வெள்ளி கிடைத்தது. பாதை வேலைக்கு வந்த ஃபிரெட் லாரோஸ் என்ற கொல்லர் ஒரு நரியின் மேல் சுத்தியலை வீசினார், அது பாறையில் பட்டு வெள்ளி மின்னியது என்று அங்கே ஒரு கதை சொல்வார்கள். நரி கதை எப்படியோ, வெள்ளி நிஜம். சில ஆண்டுகளில் பார்க்கூபைனில் தங்கம், பிறகு கிர்க்லண்ட் லேக்கில் தங்கம். அந்தச் சுரங்கங்களுக்குப் போகிற ரயில் டொராண்டோவிலிருந்துதான் போனது. ரயிலையும் வங்கியையும் நம்பி வளர்ந்த மாண்ட்ரியல் கனவான்களுக்குச் சுரங்கப் பங்கு என்றால் சூதாட்டம். டொராண்டோ அந்தச் சூதாட்டத்தைக் கையில் எடுத்தது. 1934இல் சுரங்கப் பங்குகளுக்கென்று இருந்த சந்தை டொராண்டோ பங்குச்சந்தையோடு இணைந்தது. 1930களிலேயே அங்கே கைமாறிய பங்குகளின் மதிப்பு மாண்ட்ரியலை மிஞ்சிவிட்டது. ரெனே லெவெக் அப்போது பள்ளிக்கூடத்துப் பையன்!

இரண்டாவது காரணம் அமெரிக்கா. முதல் உலகப் போருக்குப் பிறகு கனடாவுக்குள் வந்த முதலீடு லண்டனிலிருந்து வருவது குறைந்து, நியூயார்க்கிலிருந்து வருவது கூடியது. டெட்ராய்ட்டுக்கு எதிர்க்கரையில் வின்ட்சர், பஃபலோவுக்கு எதிரே நயாகரா: அமெரிக்கக் கம்பெனிகள் கிளை ஆலைகளைத் தெற்கு ஒண்டாரியோவில்தான் அமைத்தன. அவற்றின் கனடா அலுவலகம் டொராண்டோவில் இருப்பதே வசதி. மாண்ட்ரியல் லண்டனைப் பார்த்து உட்கார்ந்திருந்த ஊர். லண்டனின் கை தளர்ந்தபோது அதன் பிடியும் தளர்ந்தது.

மூன்றாவது, நதி. பெரிய கப்பல்கள் அதுவரை மாண்ட்ரியலைத் தாண்டிப் போக முடியாது. சரக்கை அங்கே இறக்கிச் சின்னக் கப்பலுக்கு மாற்றியாக வேண்டும். அந்த ஊர் பிழைத்ததே அந்தத் தடையால்தான். 1959இல் எலிசபெத் ராணியும் அதிபர் ஐசனோவரும் செயின்ட் லாரன்ஸ் கடல்வழியைத் திறந்துவைத்தார்கள். கப்பல்கள் நேரே ஏரிகளுக்குள் போயின.

இவையெல்லாம் நடந்த பிறகுதான் மொழி விவகாரம் வெடித்தது. அந்த வெடிப்புக்கு நியாயம் இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். மத்திய அரசு அமைத்த இருமொழி ஆணையம் 1961 கணக்கெடுப்பை வைத்து கியூபெக்கில் 14 இனத்தவரின் வருமானத்தை வரிசைப்படுத்தியது. மக்கள்தொகையில் ஐந்தில் நான்கு பங்கான பிரெஞ்சுக்காரர்களுக்குக் கிடைத்த இடம் 12. தங்கள் சொந்த மாகாணத்தில்! 1962இல் அரசு ரயில்வேயான கனடியன் நேஷனலின் தலைவர் டொனால்ட் கோர்டன் நாடாளுமன்றக் குழு முன் நின்றார். துணைத் தலைவர்களில் ஒரு பிரெஞ்சுக் கனடியர்கூட இல்லையே, ஏன் என்று கேட்டார்கள். தகுதி பார்த்துத்தான் பதவி உயர்வு தருகிறோம் என்ற பொருளில் பதில் வந்தது. மாண்ட்ரியல் மாணவர்கள் தெருவில் அவர் கொடும்பாவியைக் கொளுத்தினார்கள். மேல்மாடிக்குப் போகும் படிக்கட்டில் ஏறவே விடாமல், ஏறத் தெரியாதவன் என்று சொன்னால் எந்த இளைஞன் பொறுப்பான்?

கோபம் சில கைகளில் குண்டாகவும் மாறியது. 1969 பிப்ரவரி 13 அன்று மாண்ட்ரியல் பங்குச்சந்தைக்குள் வெடித்த குண்டில் 27 பேர் காயமடைந்தார்கள். 1970 அக்டோபரில் அமைச்சர் பியேர் லாப்போர்ட் கடத்திக் கொல்லப்பட்டார். தெருக்களில் ராணுவம் நின்றது.

1976இல் எல்லாம் ஒன்றாகக் கூடி வந்தன. ஒலிம்பிக்ஸ் நடத்திய மாண்ட்ரியல் கடனில் மூழ்கியது. அதை அடைத்து முடிக்க 2006 வரை ஆனது. அதே 1976இல் டொராண்டோவில் 553 மீட்டர் உயரத்துக்கு சி.என். கோபுரம் திறந்தது. கட்டியது யார்? கோர்டன் தலைவராக இருந்த அதே கனடியன் நேஷனல். அதன் தலைமையகம் அப்போதும் மாண்ட்ரியலில்! அதற்கு முந்தைய ஆண்டே டொராண்டோவில் 72 மாடிகளோடு நிமிர்ந்த புதுக் கோபுரம் பாங்க் ஆஃப் மாண்ட்ரியலுடையது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் அதே 1976இல் வந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு லட்சத்துக்கு மேல் முன்னே இருந்த மாண்ட்ரியல், ஆயிரம் பேர்கூட இல்லாத வித்தியாசத்தில் பின்னே போயிருந்தது. இத்தனையும் 1977இன் மொழிச் சட்டத்துக்கு முன்பு என்பதை வாசகர்கள் மனதில் வைக்க வேண்டும்.

1976 நவம்பர் 15. தேர்தலில் லெவெக் ஜெயித்தார். 1977 ஆகஸ்ட் 26இல் சட்டம் 101 நிறைவேறியது. கடைப்பலகை பிரெஞ்சில், ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் அலுவல் மொழி பிரெஞ்சு, குடியேறிகளின் பிள்ளைகளுக்கு பிரெஞ்சுப் பள்ளி. (மாண்ட்ரியலில் வளர்ந்த ஈழத்தமிழ்ப் பிள்ளைகள் பிரெஞ்சில் சரளமாகப் பேசுவது இந்தச் சட்டத்தால்தான். 1986இல் நியூஃபவுண்ட்லண்ட் கடலில் மீட்கப்பட்ட 155 தமிழர்கள் இந்த இரு நகரங்களுக்கும் போய்ச் சேர்ந்த கதை பின்னால் வரும்.)

நிறுவனங்கள் நழுவின. ஒரு துறை இன்று, ஒரு பிரிவு நாளை. பெயருக்குத் தலைமையகம் மாண்ட்ரியலில், முடிவெடுக்கும் ஆள் டொராண்டோவில். காரணத்தை வெளியே சொல்ல ஒருவருக்கும் துணிவில்லை.

1978 ஜனவரி 6, வெள்ளிக்கிழமை. கனடாவின் மிகப் பெரிய ஆயுள் காப்பீட்டு நிறுவனம் அந்த மௌனத்தை உடைத்தது. தலைமையகத்தை டொராண்டோவுக்கு மாற்றப்போகிறோம். காரணம் மொழிச் சட்டம். பாலிசிதாரர்களின் வாக்கெடுப்புக்கு விடுகிறோம். அறிவித்தது சன் லைஃப்.

பிரதமர் பியேர் ட்ரூடோ மாண்ட்ரியல்காரர். அவசரப்பட வேண்டாம் என்று அவர் தரப்பு கேட்டுக்கொண்டது. கியூபெக் நிதியமைச்சர் ழாக் பாரிஸோ கெஞ்சவில்லை, கணக்குப் பார்த்தார். கியூபெக் மக்களிடம் இத்தனை ஆண்டுகள் வசூலித்த பிரீமியத்தில் சன் லைஃப் கியூபெக்கில் முதலீடு செய்தது எவ்வளவு? அவர் வெளியிட்ட தொகை என்ன? வாக்குச்சீட்டு கையில் வந்தபோது பாலிசிதாரர்கள் யார் பக்கம் நின்றார்கள்?

(அடுத்த வாரம்)