நிலவிலிருந்து வந்த படம்



2023 ஆகஸ்ட் 23 இரவு, எங்கள் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்து வீடுகளிலும் சந்திரயான்-3 நிலவில் இறங்கியதைக் கண்டோம். மறுநாள் ஒரு மாணவி, "ஐயா, அங்கே ஆளே இல்லையே, கலத்தை வெளியிலிருந்து படம் பிடித்தவர் யார்?" என்றாள். யாருமில்லை, நாம் கண்டது கணினி வரைந்த சித்திரம். ஏறக்குறைய 384,000 கிலோமீட்டர் கடந்து மெலிந்து வரும் அலையில், இறங்கும் வேளையில் உயரமும் வேகமுமே முதலில் வரவேண்டும். கைப்பேசி அலை தேடி மேடேறும் நம் தோட்டத்தார்க்கு இது எளிதில் விளங்கும். கலமே எடுத்த காணொளியை இஸ்ரோ 24ஆம் தேதிதான் வெளியிட்டது.

1969இல் அப்பல்லோ 11 அனுப்பியது நொடிக்குப் 10 படங்கள், படத்துக்கு 320 வரிகள். அமெரிக்கத் தொலைக்காட்சிக்கோ 30 படங்களும் 525 வரிகளும் வேண்டும். எனவே தரை நிலையத்தில் அப்படத்தைத் திரையில் ஓடவிட்டு, வேறொரு கருவியால் மறுபடி பிடித்து அனுப்பினர். உலகம் பார்த்தது அந்த மங்கிய நகலை. தெளிவான மூலப்பதிவு நாடாக்கள் அழிக்கப்பட்டு மறுபயன்பாட்டுக்குச் சென்றிருக்க வேண்டும் என்று 2009இல் நாசா அறிவித்தது.

இதைச் சொன்னபோது அவள் நம்பவில்லை. "அதையா ஐயா அழித்தார்கள்?" என்று மீண்டும் மீண்டும் கேட்டாள்.