குடக்கூலிச் சீட்டு

என் வீட்டு மாடியில் குடியிருப்பவர் சென்ற தை மாதம் ஒரு சீட்டுக் கேட்டார். குழாய் ஒழுகுகிறது, மோட்டார் ஓடவில்லை, கரண்ட் பில் கூடிவிட்டது என்பவையெல்லாம் மாதந்தோறும் மாடியிலிருந்து இறங்கி வரும் செய்திகள், பழகிவிட்டன. சீட்டு புதிது.

"சார், மாசாமாசம் குடுக்கிற வாடகைக்கு ஒரு ரசீது எழுதிக் குடுத்தீங்கன்னா நல்லாருக்கும்" என்றார். வெள்ளிமலைக்கு அப்பாலுள்ள ஒரு மலைக்கிராமத்துக்காரர். மகளின் படிப்புக்காகக் கள்ளக்குறிச்சிக்குக் குடிவந்தவர். ஒரு மாதமும் பாக்கி வைத்ததில்லை. ஆயினும் அக்கணத்தில் என் மனத்தில் எழுந்தது ஐயம்தான். 'எதற்கு இவருக்கு ரசீது? யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.' தமிழ்நாட்டில் ஒரு மாடியையோ ஒரு கொட்டகையையோ வாடகைக்கு விட்டிருக்கும் எவருக்கும் இந்த எண்ணம் அந்நியமானதன்று. ரசீது கொடுத்தால் ஆள் வேர்பிடித்துவிடுவார் என்பது நம் நடுத்தர வர்க்கத்தின் நம்பிக்கை. அதற்கு ஒரு வரலாறு உண்டு.

என் தந்தைக்கு விழுப்புரத்தில் ஒரு வீடு. முன்கட்டில் நாங்கள், பின்கட்டில் ஒட்டுக்குடித்தனம். 1989இல் வாடகையை உயர்த்தக் கேட்டபோது பின்கட்டுக்காரர் மறுத்தார். அப்பா பழைய வாடகையை வாங்க மறுத்தார். சில நாட்களில் வக்கீல் கடிதம் ஒன்று வந்தது: வாடகையைச் செலுத்தத்தக்க வங்கி எது எனப் பத்து நாட்களுக்குள் தெரிவிக்கவும். அப்பா பதில் போடவில்லை. அடுத்துத் தபால்காரர் மணியார்டர் கொண்டு வந்தார். அனுப்பும் கமிஷன் போக மீதி. அப்பா கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பினார். அதன்பின் பணம் நீதிமன்றத்தில் கட்டப்பட்டது. பத்து வயதுச் சிறுவனான எனக்கு அது அண்டை வீட்டானின் அடாவடியாகத்தான் தெரிந்தது. பின்கட்டுக்காரர் ஒவ்வோர் அடியையும் சட்டப் புத்தகத்தைப் பார்த்தே வைத்திருக்கிறார் என்பது பிற்காலத்தில் 1960ஆம் ஆண்டின் 18ஆம் சட்டத்தைப் படித்தபோதுதான் விளங்கியது. அதன் எட்டாம் பிரிவு இந்த வரிசையைத்தான் கூறுகிறது: ரசீது, வங்கி, மணியார்டர், முடிவாக வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலர். மாவட்டங்களில் அப்பொறுப்பைப் பெரும்பாலும் முன்சீப்பே வகித்தார்.

அச்சட்டம் ஒரு போரின் பிள்ளை. பிரிட்டனில் 1915இல், கிளாஸ்கோவில் பெண்கள் முன்னின்று நடத்திய வாடகை மறுப்புப் போராட்டத்துக்குப் பின் வாடகைக்கு வரம்பு கட்டினார்கள். பம்பாயில் 1918. சென்னை மாகாணத்தில் இரண்டாம் உலகப்போரின்போது, இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் 1941இல் வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை பிறந்தது. அடுத்த ஆண்டே ஜப்பானியர் குண்டுக்கு அஞ்சிச் சென்னை காலியானது. மக்கள் உள்ளூர்களுக்கு ஓடிவந்தார்கள். திண்ணைக்குக்கூட வாடகை கேட்ட கதைகளை அக்காலப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். போர் முடிந்தது, ஆணை முடியவில்லை. 1946இலும் 1949இலும் சட்டமாகி, 1960இல் நிலைத்து, 2019 வரை வாழ்ந்தது.

அதன் சில விதிகளை இன்று படித்தால் வியப்பாக இருக்கும். வீடு காலியானால் ஏழு நாட்களுக்குள் அரசு அலுவலருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். அரசு தன் ஊழியருக்காக அதை எடுத்துக்கொள்ளலாம். முன்பணம் ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கலாகாது. (வாங்காதவர் யார்? பத்து மாதம் வாங்கியவர்கள் தெருவுக்குத் தெரு இருந்தார்கள்.) 1973இல் மாதம் 400 ரூபாய்க்கு மேற்பட்ட குடியிருப்புகளுக்கு விலக்களித்தார்கள், 1986இல் உச்சநீதிமன்றம் அவ்விலக்கைச் செல்லாததாக்கியது. வாடகை பாக்கிகூட 'வேண்டுமென்றே' வைத்த பாக்கியாக இருந்தால்தான் வெளியேற்றலாம். அந்த ஒரு சொல்லின் பொருள் என்ன என்று வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நடந்தன. என் தந்தையின் வழக்கும் அவற்றுள் ஒன்று. பின்கட்டு காலியானபோது நான் கல்லூரியில் இரண்டாமாண்டு படித்துக்கொண்டிருந்தேன். அப்பா கடைசிவரை யாருக்கும் ரசீது எழுதியதில்லை. அந்தப் பழக்கத்தைத்தான் வீட்டோடு நானும் சுவீகரித்திருந்தேன்.

மாடிவீட்டுக்காரருக்கு வேறொரு வரலாறு. கல்வராயன் மலை சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என மூன்று ஜாகீர்களாக இருந்தது. கீழே சமவெளியில் ஜமீன்தாரி ஒழிந்து ஒரு தலைமுறை ஆனபின்னும் மலையாளிப் பழங்குடியினர் ஜாகீர்தாருக்கே வரி கொடுத்து வந்தார்கள். அரசு அம்மலையைத் தன்வசம் எடுத்துக்கொண்டது 1976இல். உழுத நிலத்துக்கும் படுத்த வீட்டுக்கும் பட்டா என்ற ஒன்று இல்லாமலே தலைமுறைகள் கழிந்தன. "எங்க தாத்தா குடுத்த வரிக்கெல்லாம் ஏது சார் சீட்டு? நாங்க இருந்த எடம் எங்களுதுன்னு சொல்ல ஒரு துண்டுக் காயிதம் கெடையாது" என்று அவர் சொன்னபோது குரலில் வருத்தம்கூட இல்லை, மழை பெய்யவில்லை என்பதைப் போலச் சொன்னார்.

2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. அலுவலகங்கள் வந்தன, சிறுவங்கூரில் மருத்துவக் கல்லூரி வந்தது. என் தெருவில் மாடி எழுப்பாத வீடு அருகிவிட்டது, நானும் எழுப்பினேன். அதே ஆண்டு பிப்ரவரி 22இல்தான் பழைய சட்டம் நீங்கி, 2017இல் இயற்றப்பட்ட நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பொறுப்புகள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வேறு உடன்பாடு இல்லையெனில் முன்பணம் மூன்று மாத வாடகைக்குள். அந்த 'இல்லையெனில்' வழியாக யானையே நுழையும் என்பது வேறு செய்தி. குழாய்க்கு வாஷர் போடுவது குடியிருப்பவர் பொறுப்பு. சுவர் விரிசலும் வெள்ளையடிப்பும் சொந்தக்காரர் பொறுப்பு. நாங்கள் இருவரும் மாதந்தோறும் படியில் நின்று பேசியவற்றை யாரோ ஒட்டுக்கேட்டு அட்டவணையாக்கியதுபோல் இருந்தது.

என்னை நிறுத்தியது வேறோர் இடம். சட்டம் வருமுன்பே குடியிருந்தவரோடும் எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். அது ஏற்படாமற்போனால், காலி செய்யக் கோருவதற்கு அதுவே ஒரு காரணம். பழைய சட்டத்தில் காகிதமின்மை சொந்தக்காரருக்கு இடர். புதியதில் குடியிருப்பவருக்கு இடர். என் தந்தை அஞ்சிய சீட்டை எனக்கு இனி அஞ்ச வேண்டியதில்லை. எழுதாமலிருப்பதே எனக்கு ஆதாயம் என்று ஆகிவிட்டிருந்தது. அதனாலேயே, எழுதாமல் இன்னும் ஒரு மாதத்தை ஓட்டினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மாசி முடிவில் அவர் வாடகையோடு வந்தார். ரசீதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பணத்தை எண்ணி மேசைமேல் வைத்துவிட்டு, மாடி நீர்த்தொட்டியின் மூடி காற்றில் பறந்துவிட்டதாகச் சொன்னார். அவர் படியேறும்முன் கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். தை மாதத்துக்கும் சேர்த்து இரண்டு சீட்டுகள் எழுதினேன். வாடகை என்று அச்சிட்டிருந்த இடத்தில், அப்பாவின் பழைய கணக்கு நோட்டுகளில் கண்ட பழக்கத்தால், குடக்கூலி என்று கை எழுதிவிட்டது. அவர் எழுத்துக்கூட்டிப் படித்து, "கூலின்னு போட்டிருக்கே சார், நான்தானே குடுக்கிறேன்?" என்றார். பொருளை விளக்கினேன். சட்டைப்பைக்குள் வைக்காமல் கையில் பிடித்தபடியே படியேறினார்.

ஒப்பந்தம் இன்னும் பதிவாகவில்லை. அவர் கொடுத்த முன்பணம் ஐந்து மாத வாடகை. பதியும்போது அந்த எண்ணை என்னவென்று எழுதுவது என்பதை நான் இன்னும் முடிவு செய்யவில்லை.