மழையும் நேர்மையும்: பேஸ்பால் விதிகளின் ஒரு கிளைவரலாறு

ஆட்டம் நடந்துகொண்டிருக்கையில் மழை வந்தால் யார் வென்றவர்? கேட்பதற்கு எளிய வினா. எனினும் அமெரிக்கப் பேஸ்பால் கடந்த ஒன்றரை நூற்றாண்டில் இவ்வினாவுக்கு அளித்த விடைகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், அது வானிலையின் வரலாறாக இல்லாமல் ஐயத்தின் வரலாறாகவே அமைகிறது. ஒவ்வொரு மழைவிதியும் யாரோ ஒருவர் மேகத்தைத் தமக்குச் சாதகமாகப் பயன்படுத்தக்கூடும் என்ற அச்சத்திலிருந்தே பிறந்துள்ளது.

அமெரிக்காவில் இரு கல்லூரிகளுக்கிடையே நடந்த முதல் பேஸ்பால் ஆட்டம் 1859 ஜூலை 1 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிட்ஸ்பீல்டு நகரில் ஆம்ஹர்ஸ்ட், வில்லியம்ஸ் கல்லூரிகளிடையே நடைபெற்றது. பக்கத்துக்குப் பதின்மூவர் ஆடிய அவ்வாட்டத்தில் ஆம்ஹர்ஸ்ட் 73-32 என வென்றது. அன்று இரு வேறு ஆட்டமுறைகள் வழக்கில் இருந்தன. ஒன்று ஓட்டங்களின் எண்ணிக்கையை இலக்காகக் கொண்டது. மற்றொன்று இன்னிங்ஸ்களை எல்லையாகக் கொண்டது. பின்னது நிலைபெற்று, ஒன்பது இன்னிங்ஸ் என்பது முழு ஆட்டத்தின் அளவாயிற்று. அத்துடன் ஒரு துணைவிதியும் வேரூன்றியது: மழையாலோ இருளாலோ ஆட்டம் நின்றால், ஐந்து இன்னிங்ஸ் நிறைவேறியிருந்தால் அது செல்லும், இல்லையேல் செல்லாது. சொந்தத் திடலில் ஆடும் அணி முன்னிலையில் இருந்தால் நான்கரை இன்னிங்ஸே போதும்.

இந்த எல்லைக்கோடுதான் பிற்காலப் பூசல்கள் பலவற்றின் ஊற்றுக்கண். நான்காம் இன்னிங்ஸில் வானம் கறுக்கிறது என்று கொள்வோம். பின்தங்கிய அணிக்கு ஒவ்வொரு நிமிடமும் இலாபம். பந்தெறிவாளர் காலணிக் கயிற்றை மெல்லக் கட்டுவார். பயிற்சியாளர் திடலின் நடுவுக்கு நிதானமாக நடந்துபோய் நெடுநேரம் பேசுவார். முன்னிலை பெற்ற அணிக்கோ விரைவே இலாபம். அதன் மட்டையாளர்கள் எட்டாத பந்துக்கும் மட்டையை வீசித் தாமே ஆட்டமிழப்பார்கள். இருவரும் விதியின் எழுத்தை மீறவில்லை. ஆனால் இருவருமே அப்போது பேஸ்பால் ஆடவும் இல்லை. ஆகவே ஆட்டத்தை வேண்டுமென்றே நீட்டினாலும் சுருக்கினாலும் அந்த அணி தோற்றதாக அறிவிக்கும் அதிகாரம் நடுவருக்கு வழங்கப்பட்டது.

அவ்வதிகாரம் வெறும் எழுத்தாக நின்றுவிடவில்லை. 1954 ஜூலை 18 அன்று செயின்ட் லூயிஸ் நகரில் கார்டினல்ஸ் அணி பிலடெல்பியாவிடம் 8-1 எனப் பின்தங்கியிருந்தது. ஐந்தாம் இன்னிங்ஸ் முடியவில்லை, இருள் நெருங்கிக்கொண்டிருந்தது. எடி ஸ்டாங்கியின் அணி காலங்கடத்தியதுடன் கைகலப்பும் மூண்டது. நடுவர் பேப் பினெல்லி ஆட்டத்தைப் பிலடெல்பியாவுக்கே வழங்கினார்.

அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த வழக்கு இதைவிட நுட்பமானது. 1941 ஆகஸ்ட் 15 அன்று வாஷிங்டன் அணி தன் சொந்தத் திடலில் எட்டாம் இன்னிங்ஸில் பாஸ்டனைவிட 6-3 என முன்னிலையில் இருந்தபோது மழை கொட்டியது. திடலைத் தார்ப்பாயால் மூட வேண்டிய பணியாளர்கள் உரிய நேரத்தில் மூடவில்லை. மழை விட்டபின்னும் மண் ஆடத் தகுதியற்றதாக இருந்ததால் நடுவர்கள் ஆட்டத்தை முடித்துவைத்தனர். பாஸ்டன் முறையிட்டது. அமெரிக்கன் லீக்கின் தலைவர் வில் ஹாரிட்ஜ் முறையீட்டை ஏற்று, வாஷிங்டன் தோற்றதாகத் தீர்ப்பளித்தார். முன்னிலையில் இருப்பவன் கையிலேயே தார்ப்பாயும் இருந்தால், அதை விரிக்காமல் விடுவதும் ஓர் ஆட்டச் செயலாகிவிடுகிறது. உள்நோக்கம் இருந்ததா என்று துருவாமல், விளைவுக்குப் பொறுப்பேற்க வேண்டியவர் யார் என்பதைத் தீர்மானித்ததே இத்தீர்ப்பின் சிறப்பு.

வணிக நலனும் இதில் கலந்திருந்தது. ஆட்டம் செல்லாததானால் பார்வையாளர் தம் சீட்டைக் காட்டி வேறொரு நாள் ஆட்டம் பார்க்கலாம். ஐந்து இன்னிங்ஸ் கடந்துவிட்டால் அவ்வுரிமை இல்லை. ஆகவே ஆட்டத்தைத் தொடங்குவதா என்பதைச் சொந்த அணி முடிவுசெய்யலாம், தொடங்கியபின் நிறுத்துவது நடுவரின் முடிவு என்ற பகுப்பு உருவானது. நலன் உள்ளவரிடமிருந்து நலன் இல்லாதவருக்கு அதிகாரம் நகர்ந்ததே இவ்வரலாற்றின் நடுக்கோடு.

2008ஆம் ஆண்டின் உலகத் தொடர் அந்நகர்வை இன்னும் முன்னே தள்ளியது. அக்டோபர் 27 அன்று ஐந்தாம் ஆட்டத்தில், கொட்டும் மழையிடையே தம்பா பே அணி ஆறாம் இன்னிங்ஸின் முற்பாதியில் ஓட்டங்களை 2-2 எனச் சமன்செய்தது. அதன்பின் ஆட்டம் இடைநிறுத்தப்பட்டது. அந்த ஓட்டம் வந்திராவிட்டால், விதிப்படி ஐந்து இன்னிங்ஸிலேயே பிலடெல்பியா வாகையர் ஆகியிருக்கும். ஆணையர் பட் செலிக் அதற்கு இடங்கொடுக்கப் போவதில்லை என்று முன்பே முடிவு செய்திருந்தார். இரண்டு நாள் கழித்து ஆட்டம் தொடர்ந்தது. பிலடெல்பியா 4-3 என வென்றது. அடுத்த ஆண்டே, இறுதிச்சுற்று ஆட்டங்கள் அனைத்தும் முழுமையாக ஆடப்பட வேண்டும் என்று விதி திருத்தப்பட்டது.

கிரிக்கெட் இதே சிக்கலை வேறு வழியில் அணுகியது. 1992 உலகக் கோப்பை அரையிறுதியில், சிட்னியில், மழைக்குப்பின் தென்னாப்பிரிக்கா ஒரே பந்தில் அடைய முடியாத இலக்கை எதிர்கொண்டது. அதன்பின் டக்வொர்த், லூயிஸ் என்ற இரு புள்ளியியலாளர்களின் கணிதம் 1997 முதல் களத்துக்கு வந்தது. ஓவர்களுக்கு எண்ணிக்கை உண்டு என்பதால் கிரிக்கெட்டில் இழந்ததைக் கணக்கிட முடிந்தது. பேஸ்பாலில் ஓர் இன்னிங்ஸ் எத்தனை பந்து நீளும் என்று யாரும் அறியார். எனவே கணக்கிடுவதைவிடக் காத்திருப்பதே அங்கு நீதியாயிற்று.

காத்திருத்தல் கல்லூரிகளுக்கு எளிதன்று. மாணவர்க்குத் தேர்வு உண்டு; விருந்தினர் அணிக்கு விமானமோ நெடும் பேருந்துப் பயணமோ உண்டு. ஆகவே தொடரின் கடைசி நாளில், குறித்த நேரத்துக்குப்பின் புதிய இன்னிங்ஸ் தொடங்கக்கூடாது என்று முன்கூட்டியே உடன்பாடு செய்துகொள்வது வழக்கம். மழையால் ஒரு மணி நேரம் இழந்த நாளில் இவ்வுடன்பாடே பூசலுக்கு வித்தாகிறது. இம்முறை காலங்கடத்துவதால் இலாபம் அடைவது முன்னிலை பெற்ற அணி.

மின்னலைப் பொறுத்தமட்டில் கல்லூரி விளையாட்டு வேறு பாதையைத் தேர்ந்தது. மின்னலுக்கும் இடியோசைக்கும் இடையே 30 வினாடியோ அதற்குக் குறைவோ இருந்தால், அதாவது மின்னல் ஏறத்தாழ 10 கிலோமீட்டருக்குள் இருந்தால், திடலைவிட்டு அனைவரும் அகல வேண்டும். கடைசி இடிக்குப்பின் 30 நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பது கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ.வின் வழிகாட்டுதல். இடையில் மீண்டும் இடித்தால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். வெற்றி வாய்ப்பு, பயண நேரம் எதற்கும் இங்கு இடமில்லை. ஓட்டங்களைப் பற்றி நடுவருடன் வாதிடும் பயிற்சியாளர், உயிரைப் பற்றிய இக்கணக்கில் வாதிட முடியாது.

இருப்பினும் விதி எட்டாத ஓர் இடம் எஞ்சியே இருக்கிறது. பந்தெறிவாளர் மெய்யாகவே களைத்திருக்கிறாரா, களைத்ததுபோல் நிற்கிறாரா என்பதைக் கடிகாரம் அறியாது. யாரும் தளத்தில் இல்லாதபோது 20 வினாடிக்குள் பந்தெறிய வேண்டும் என்று 2011இல் கல்லூரி ஆட்டத்தில் விதித்தபோதும், உள்நோக்கத்தை அளக்க முற்படாமல் நேரத்தை மட்டுமே அளந்தார்கள். உள்ளத்தை அளக்க முடியாதென்று ஒப்புக்கொண்டு, அதற்கான வாய்ப்பைக் குறைப்பதே விதியால் இயன்றது. எஞ்சியது ஆடுபவரின் பொறுப்பு. மழைத் தடையின்போது எதிரெதிர் அணி மாணவர்கள் நனைந்த திடலில் ஒன்றுகூடி நாடகமாடியும் நடனமாடியும் களிக்கும் வழக்கம் கல்லூரிப் பேஸ்பாலில் உண்டு. எந்த விதியும் அதைக் கட்டாயமாக்கவில்லை. மேகத்தை ஆயுதமாக்குவதும் ஓய்வாக்கிக்கொள்வதும் அந்த அரைமணி நேரத்தில் அவர்கள் கையில்தான் இருக்கிறது.